வேர்க்ஸ்டேஷன் கார்டா, கேமிங் கார்டா? கொழும்பில் எடிட்டிங், ரென்டரிங் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் பகலில் கலியாண வீடியோ எடிட்டிங்கும் இரவில் கட்டடக் கலைஞர்களுக்கு 3டி மொடலைப் படமாக்கும் ரென்டரும் செய்கிறேன். கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கப் போகிறவர்கள் எனக்கு ஒரு கோல் எடுப்பது வழக்கமாகிவிட்டது. பாதிப்பேர் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவுக்குள் கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டுதான் கேட்பார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ரூபாய் விலை எதையும் எழுதவில்லை. 2022இல் டொலர் ஏறியதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நான் சொல்லும் டொலர் விலைகள் கார்ட் வெளியானபோது கம்பனி அறிவித்தவை. இங்கே வந்து சேரும்போது அதன்மேல் கப்பல் கூலி, 18 சதவீத வற் வரி, கடைக்காரரின் லாபம் எல்லாம் ஏறியிருக்கும்.

வேர்க்ஸ்டேஷன் கார்ட் என்றால் உண்மையில் என்ன?

பொறியியல், வடிவமைப்பு, ரென்டரிங் போன்ற தொழில் வேலைகளுக்கென்று விற்கும் கிராஃபிக்ஸ் கார்ட். அதை என்விடியா நீண்டகாலம் குவாட்ரோ என்ற பெயரில் விற்றது. ஏஎம்டி முன்பு ஃபயர்ப்ரோ என்றும் 2016இலிருந்து ரேடியொன் ப்ரோ என்றும் விற்கிறது. 2020இல் ஆர்டிஎக்ஸ் ஏ6000 வந்தபோது என்விடியா குவாட்ரோ என்ற பெயரையே கைவிட்டது. எங்கள் கடைகளில் மட்டும் இன்றைக்கும் எல்லாமே குவாட்ரோதான்.

பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் பெரும்பாலும் கேமிங் கார்டில் இருப்பதேதான். ஏ6000இலும் கேமிங் கார்டான ஆர்டிஎக்ஸ் 3090இலும் இருப்பது ஒரே ஜிஏ102. ஆர்டிஎக்ஸ் 6000 ஏடாவிலும் 4090இலும் இருப்பது ஏடி102. பழைய குவாட்ரோ பி2000க்குள் இருப்பது ஜிடிஎக்ஸ் 1060இன் சிப். அதிலும் கோர்களை, அதாவது கணக்குப் போடும் சின்ன அலகுகளை, குறைத்திருக்கிறார்கள். 6 ஜிபி 1060இல் 1,280 கோர், பி2000இல் 1,024.

ஒரே சிப் என்றால் அவ்வளவு விலை எதற்கு?

6000 ஏடா வெளியானபோது 6,800 டொலர். 4090 வெறும் 1,599. நான்கு மடங்குக்கும் மேல். கோர் எண்ணிக்கையைப் பார்த்தால் 18,176க்கு 16,384. அந்த வித்தியாசத்துக்கு யாரும் ஐயாயிரம் டொலர் கூடக் கொடுக்கமாட்டார்கள். காசு போவது வேறு இடத்துக்கு. 4090இல் மெமரி 24 ஜிபி, 6000 ஏடாவில் 48. 4090 இழுப்பது 450 வாட், மற்றது 300. 4090 பெரும்பாலும் மூன்று ஸ்லொட்டுக்கு மேல் அடைத்துக்கொள்ளும். 6000 ஏடா இரண்டு ஸ்லொட்டில் அடங்கி, சூட்டைப் பெட்டிக்குப் பின்னால் ஊதி வெளியே தள்ளும். அப்புறம் சான்றிதழ். சொலிட்வேர்க்ஸ் போன்ற பொறியியல் மென்பொருள் கம்பனிகள் குறிப்பிட்ட கார்டையும் டிரைவரையும் சோதித்து, இது சரியாக வேலை செய்யும் என்று பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலில் இருப்பவை வேர்க்ஸ்டேஷன் கார்டுகள்.

நடுத்தர விலையில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆர்டிஎக்ஸ் ஏ4000க்கும் 3070 டிஐக்கும் கோர் எண்ணிக்கை ஒன்றுதான், 6,144. டிஐ 290 வாட் குடித்து வேகமாக ஓடும், மெமரி 8 ஜிபி. ஏ4000 ஒரே ஸ்லொட்டில் 140 வாட்டோடு மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் 16 ஜிபி சுமக்கும். ஓட்டப் பந்தயமா மூட்டை தூக்குகிற வேலையா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நான் கலியாண வீடியோ எடிட் செய்கிறேன். குவாட்ரோ போட்டால் டைம்லைன் இழுபடாமல் ஓடுமா?

அநேகமாக ஓடாது. எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கார்டால் தீராத கேள்வியும் இதுதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பர். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று மாதம் முழுக்க வேலை. சோனி கமரா வாங்கினார், படம் வடிவாக வந்தது, எடிட்டிங்கில் டைம்லைன் நகரவில்லை. ஒரு கடையில் “எடிட்டிங்குக்கு என்றே செய்தது” என்று சொல்லி பாவித்த பி2000 ஒன்றைக் கொடுத்தார்கள். போட்டார். ஒரு மாற்றமும் இல்லை. என்னிடம் வந்தபோது முதலில் கிளிப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தேன்: எச்.265, 10-பிட், 4:2:2. அடுத்து ப்ரொசெசரைப் பார்த்தேன்: ஐ5 12400எஃப். வியாதி அங்கேயே தெரிந்துவிட்டது.

கமரா வீடியோவை எச்.265 போன்ற முறைகளில் சுருக்கிப் பதிகிறது. டைம்லைனில் ஓட ஒவ்வொரு பிரேமையும் கணினி விரிக்க வேண்டும். அதற்கென்று கிராஃபிக்ஸ் சிப்பில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கோர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிற விவரத்தைக் கூடுதலாக வைத்திருக்கும் 4:2:2 வகையை விரிக்கும் வசதி என்விடியா கார்டுகளுக்கு 2025இல் வந்த பிளாக்வெல் தலைமுறையில்தான், அதாவது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கிடைத்தது. அதற்கு முந்திய 4090 ஆனாலும் சரி, 6,800 டொலர் 6000 ஏடா ஆனாலும் சரி, அந்த கிளிப்பைப் பார்த்துக் கைவிரிக்கும். வேலை முழுவதும் ப்ரொசெசரின் தலையில் விழும். ஆனால் இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து ப்ரொசெசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் எச்.265 4:2:2வை விரித்துவிடும். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் மட்டும் உள்ளே அந்த கிராஃபிக்ஸ் இருக்காது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க எஃப் ப்ரொசெசர் வாங்கி, பிறகு பெரிய காசு கொடுத்து கார்ட் வாங்கியவர்களை எனக்கு விரல்விட்டு எண்ண முடியாது.

நண்பர் பி2000ஐ விற்றுவிட்டு எஃப் இல்லாத 12400 வாங்கினார். அத்தோடு சரி.

ஒன்றுமே வாங்க வழியில்லை என்றால் ப்ரொக்ஸி செய்யுங்கள். இரவு படுக்கப் போகும்போது எல்லா கிளிப்பையும் விரிக்க இலகுவான சின்ன டிஎன்எக்ஸ்எச்ஆர் கோப்புகளாக மாற்றப் போட்டுவிட்டால் காலையில் பழைய மெஷினிலும் டைம்லைன் ஓடும். டிஸ்க்கில் இடம் மட்டும் வேண்டும்.

டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்புக்கு எந்த கார்ட் பொருத்தம்?

முதலில் கார்டுக்கு ஒதுக்கிய காசில் 295 டொலரை எடுத்து இந்த எடிட்டிங் மென்பொருளின் ஸ்டூடியோ பதிப்பை வாங்குங்கள். விண்டோஸில் எச்.264, எச்.265 கிளிப்களை கார்டின் உதவியோடு விரிப்பது முழுமையாகக் கிடைப்பது அதில்தான். படத்தில் வரும் புள்ளிக் கலங்கலைக் குறைக்கும் நொய்ஸ் ரிடக்ஷனும், ஒன்றுக்கு மேற்பட்ட கார்டைப் பாவிக்கும் வசதியும் அதில்தான் உண்டு. ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை.

எத்தனை ஜிபி மெமரி போதும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் சொல்வதை விட அது நம்பகமானது.

வீடியோவில் ரிசோல்வ் உள்ளுக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் 32 பிட் வைத்துத்தான் வேலை செய்கிறது. ஒரு 4கே பிரேம் 3840க்கு 2160. மூன்று நிறமும் ஒளிபுகும் அளவும் சேர்த்து ஒரு புள்ளிக்கு 16 பைட் என்று பெருக்கினால் ஏறத்தாழ 133 எம்பி. மண்டபத்து மங்கலான வெளிச்சத்தில் எடுத்த கிளிப்புக்கு டெம்பொரல் நொய்ஸ் ரிடக்ஷன் போட்டால் முன்னால் 5, பின்னால் 5 பிரேம் வரை கையில் வைத்துக்கொள்ளும். அந்த ஒரு வேலைக்கே 1.5 ஜிபி அளவில் போய்விடும். அதன்மேல் கலர், எழுத்து, ஃபியூஷன் எஃபெக்ட். 8 ஜிபி கார்டில் மெமரி நிறைந்துவிட்டது என்ற செய்தி ஏன் வருகிறது என்று இப்போது புரியும். சாதாரண எச்டி வேலைக்கு 8 போதும். 4கேயில் கலரும் நொய்ஸ் ரிடக்ஷனும் செய்பவர்களுக்கு 12 அல்லது 16.

ரென்டரில் கதை வேறு. ஒரு தடவை தொடர்மாடி வீடொன்றின் உள்வேலைப்பாட்டுக்குப் படம் கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். குசினி, ஹோல், இரண்டு அறை. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் எல்லாம் முடித்து இரவு பதினொன்றுக்கு ரென்டர் அழுத்தினால் மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டது. என் கார்ட் 8 ஜிபி. அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பொருளின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர், 4கே (4096க்கு 4096) என்றால், பிளெண்டரின் ரென்டரரான சைக்கிள்ஸுக்குள் போனதும் 64 எம்பி. டிஸ்க்கில் அது 5 எம்பி ஜேபெக் கோப்பாக இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு கதிரைக்கு நிறம், பளபளப்பு, நோமல், பம்ப் என்று நான்கு டெக்ஸ்சர். கதிரை ஒன்றுக்கு 256 எம்பி. கதிரை, மேசை, அலுமாரி, திரைச்சீலை என்று இருபது சாமானுக்கு 5 ஜிபி. இதில் மூலையில் கால்வாசி மட்டும் தெரிகிற பூச்சாடியும் சேர்த்தி!

பிளெண்டரில் சிம்பிளிஃபை என்ற இடத்தில் டெக்ஸ்சர் அளவுக்கு உச்சவரம்பு போடலாம். 2048 என்று வைத்தேன். ஒவ்வொன்றும் 16 எம்பியாகச் சுருங்கியது. கமராவுக்குக் கிட்ட இருந்த சோஃபாவில்கூட வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த கிழமை 48 ஜிபி கார்டுக்குக் கடன் எடுக்க இருந்தவன் அந்த யோசனையை விட்டேன்.

வீட்டு உள்வேலைப்பாட்டுக்கு 16 ஜிபி நல்ல அளவு. மரம், புல், வாகனம் என்று வெளிப்புறம் முழுக்க நிரப்புபவர்களுக்கு 24. அதைத் தாண்டுகிற வேலை உங்களுக்கு வந்தால் அதற்கேற்ற கூலியும் வந்துகொண்டிருக்க வேண்டும்.

இரண்டு 8 ஜிபி கார்ட் போட்டால் 16 ஜிபி ஆகுமா?

ஆகாது. ஒவ்வொரு கார்டிலும் முழுக் காட்சியின் பிரதி ஏற வேண்டும். வேகம் கூடும், கொள்ளளவு கூடாது. இரண்டு கார்டின் மெமரியைச் சேர்க்க என்வி-லிங்க் என்ற இணைப்பு இருந்தது. 3090இலும் ஏ6000இலும் உண்டு, 4090இலும் 6000 ஏடாவிலும் எடுத்துவிட்டார்கள்.

ஈசிசி மெமரி எனக்கு வேண்டுமா?

வேண்டாம். மெமரியில் தவறிப்போகும் பிட்டைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி அது. நாட்கணக்கில் ஓடும் விஞ்ஞானக் கணக்குகளுக்கு அவசியம். கலியாண வீடியோவில் ஒரு புள்ளி பிசகினால் மாப்பிள்ளைக்குத் தெரியாது.

10-பிட் நிறத்துக்கு குவாட்ரோதான் வேண்டும் என்கிறார்களே?

10-பிட் என்றால் நிறத்தை இன்னும் நுணுக்கமான படிகளில் காட்டுவது. அதற்கு குவாட்ரோதான் வேண்டும் என்பது பழைய கதை. 2019 ஜூலையில் வந்த என்விடியாவின் ஸ்டூடியோ டிரைவரிலிருந்து ஜீஃபோர்ஸ் எனப்படும் சாதாரண கேமிங் கார்டுகளும் அடோபி மென்பொருள்களில் 10-பிட் காட்டுகின்றன. நிறத்தில் உண்மையாகவே கவனமாக வேலை செய்பவர்கள் கார்டை நம்புவதில்லை; டெக்லிங்க் போன்ற தனிக் கருவி வழியாக மொனிட்டருக்கு அனுப்புவார்கள். ஒரு டெக்லிங்க் மினி மொனிட்டர் குவாட்ரோவை விடப் பலமடங்கு மலிவு.

என் மென்பொருள் கார்டைப் பாவிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கேட்காமல் கார்ட் வாங்குபவர்களைத்தான் எனக்குப் பிடிபடுவதில்லை. கொரோனா ரென்டரர் முழுக்க ப்ரொசெசரில் ஓடுவது. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய கார்ட் போட்டாலும் ரென்டர் நேரம் குறையாது. வி-ரேயில் ப்ரொசெசர், என்விடியா கார்டுக்கான கூடா, ஆர்டிஎக்ஸ் என்று தெரிவு இருக்கிறது. நீங்கள் எதில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன் மூன்றும் கார்டை நம்பியே இருப்பவை. வேலை ஓடும்போது விண்டோஸ் டாஸ்க் மனேஜரைத் திறந்து ப்ரொசெசர், கார்ட், கார்டின் மெமரி, டிஸ்க் நான்கில் எது நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மணித்தியாலம் அதைக் கவனித்தால் எதற்குக் காசு போட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஏஎம்டி ரேடியொன் ப்ரோ எப்படி?

காசுக்கு மெமரி என்று பார்த்தால் அதுதான் முன்னால். டபிள்யூ7900இல் 48 ஜிபி, வெளியான விலை 3,999 டொலர். 32 ஜிபி டபிள்யூ7800 இன்னும் குறைவு, 2,499. ரிசோல்வ் ஏஎம்டியில் நன்றாகவே ஓடும். பிளெண்டரும் 2021 டிசம்பரில் வந்த 3.0இலிருந்து ஹிப் என்ற ஏஎம்டியின் மென்பொருள் வழியாக ஓடுகிறது. ஆனால் அதே வேலைக்கான என்விடியாவின் ஒப்டிக்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பே பிளெண்டருக்குள் வந்துவிட்டது. சைக்கிள்ஸ் வேகத்தில் அது இன்னும் முந்தி நிற்கிறது. ஒக்டேன் என்ற ரென்டரர் விண்டோஸில் என்விடியாவுக்கு மட்டும். வீடியோ மட்டும் செய்பவர் என்றால் ஏஎம்டியைத் தைரியமாக யோசியுங்கள். பல மென்பொருளில் ரென்டர் செய்பவருக்கு நான் சொல்வதில்லை.

இங்கத்தைய வெக்கைக்கும் கரண்டுக்கும் எது தாங்கும்?

கார்ட் வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. மாதம் முடிந்து பில் வந்த பிறகுதான் கேட்பார்கள்.

450 வாட் கார்ட் இரவு எட்டு மணித்தியாலம் ரென்டர் செய்தால் 3.6 யூனிட். 130 வாட் ஆர்டிஎக்ஸ் 4000 ஏடா அதே நேரத்துக்கு ஒரு யூனிட் சொச்சம். 4090 சீக்கிரம் முடித்துவிடும் என்பதால் ஒரு படத்துக்கான கணக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனால் அந்த 450 வாட்டும் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். யன்னல் சாத்திய சின்ன அறையில் அது ஒரு ஹீட்டர். ஏசியும் போட வேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. என் பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து தூசு தட்டுகிறேன்.

யூபிஎஸ் விஷயத்தில் கொஞ்சம் கவனம். 650 விஏ என்று எழுதியிருக்கும் சின்ன யூபிஎஸ் பெரிய கார்டின் சுமையைத் தாங்காது. கரண்ட் போன அதே நொடியில் அதுவும் போய்விடும். வாட் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அனிமேஷனை ஒருபோதும் நேரடியாக எம்பி4 ஆக ரென்டர் செய்யாதீர்கள். பிஎன்ஜி அல்லது ஈஎக்ஸ்ஆர் படங்களாக ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியே சேமித்தால், கரண்ட் போனாலும் முடிந்த பிரேம்கள் டிஸ்க்கில் இருக்கும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் என் தொழிலைக் காப்பாற்றியது இந்த ஒரு பழக்கம்தான்.

கடையில் “4000” என்று சொன்னார்கள். விலை மிகவும் குறைவாக இருக்கிறதே?

எந்த 4000 என்று கேளுங்கள். கே4000 என்றால் 3 ஜிபி. எம்4000, பி4000 இரண்டிலும் 8. 2018இன் குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 4000இலும் 8. ஆர்டிஎக்ஸ் ஏ4000 என்றால் 16, ஆர்டிஎக்ஸ் 4000 ஏடா என்றால் 20. ஒரே இலக்கம், பத்து வருட வித்தியாசம். 6000இலும் இதே குழப்பம்: குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 6000இல் 24, ஏ6000இலும் 6000 ஏடாவிலும் 48, ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000 பிளாக்வெல்லில் 96.

இலக்கத்துக்கு முன்னால் இருக்கும் எழுத்துதான் பிறந்த வருடத்தைச் சொல்லும். கே வரிசையில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய வசதிகளோடு டிரைவர் வருவது 2021ஓடு நின்றுவிட்டது; இனாமாகக் கொடுத்தாலும் ரென்டருக்கு எடுக்காதீர்கள். எம், பி வரிசைகளை 2025இல் வந்த கூடா 13, அதாவது ரென்டர் மென்பொருள்கள் நம்பியிருக்கும் என்விடியாவின் அடிப்படை மென்பொருள், கைவிட்டுவிட்டது. இன்று ஓடும், நாளைய மென்பொருளில் ஓடும் என்று சொல்ல முடியாது. டி600, டி1000 என்று புதுப் பெட்டியில் வருபவை டூரிங் தலைமுறை என்றாலும் அவற்றில் ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடும் ரே ட்ரேசிங் கோர் கிடையாது.

பாவித்த கார்ட் என்றால் கடையிலேயே போட்டு, கார்டின் விவரம் காட்டும் ஜிபியூ-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதிய போலி என்விடியா கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பிறகு அரை மணித்தியாலம் பிளெண்டர் ரென்டர் ஒன்று ஓடட்டும். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

என்னிடம் பாவித்த எச்பி, டெல் பெட்டிதான் இருக்கிறது. அதில் என்ன போடலாம்?

ஒஃபீஸ்களிலிருந்து கழித்து வரும் இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை கம்பனிக்கென்றே தனி அளவில் செய்தது. மாற்றுவது கஷ்டம், கார்டுக்கான வயரும் பலவற்றில் இருக்காது. இங்கேதான் வேர்க்ஸ்டேஷன் கார்ட் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஆர்டிஎக்ஸ் ஏ2000 வெறும் 70 வாட். தனி வயர் வேண்டாம், ஸ்லொட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும், உயரம் குறைந்த ஒல்லிப் பெட்டிக்குள்ளும் போகும். 6 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு வகை உண்டு. 12ஐத் தேடி எடுங்கள். காசு இருந்தால் 16 ஜிபி உள்ள 2000 ஏடா, அதுவும் 70 வாட்தான்.

அப்படியென்றால் வேர்க்ஸ்டேஷன் கார்ட் யாருக்குத்தான்?

மேலே சொன்ன சின்னப் பெட்டிக்காரருக்கு. ஒரே பெட்டியில் மூன்று நான்கு கார்ட் அடுக்குபவருக்கு. 32 ஜிபி உள்ள 5090க்கும் அடங்காத காட்சி கையில் இருப்பவருக்கு. சான்றிதழ் இல்லாமல் மென்பொருள் கம்பனி உதவிக்கு வராது என்ற நிலையில் இருக்கும் பொறியியல் நிறுவனத்துக்கு.

தனியாக எடிட்டிங்கும் கொஞ்சம் ரென்டரும் செய்பவர் இன்று கேட்டால் 16 ஜிபி 5060 டிஐ என்பேன். 180 வாட், வெளியான விலை 429 டொலர், 4:2:2வையும் விரிக்கும். மிச்சக் காசுக்கு நல்ல மொனிட்டர் ஒன்று வாங்கலாம்.

மெக் வாங்கினால் இந்தத் தலையிடி இல்லையா?

வீடியோவுக்கு இல்லை. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்கள் 4:2:2 எச்.265ஐத் தாங்களாகவே விரிக்கும், கரண்டும் குறைவு. ரென்டருக்கு அதே காசில் என்விடியா வேகம்.

ஏ4000 வாங்கிவிட்டேன். டிவியை எங்கே குத்துவது?

நேரடியாகக் குத்த முடியாது. அதில் இருப்பது நான்கு டிஸ்ப்ளேபோர்ட் மட்டும், எச்டிஎம்ஐ கிடையாது. ஏ2000இல் மினி டிஸ்ப்ளேபோர்ட். கலியாண வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு இது எனக்குத் தெரியவந்தது. தேநீர் இரண்டு தரம் கொடுத்துச் சமாளித்தேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அடப்டர் கிடைக்கும். 4கே 60 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், மலிவானவை 30ஓடு நின்றுவிடும்.